எட்டு ஆண்டுகளும் நாற்பது ஆண்டுகளும்

இந்தியக் குடிமகனாவதற்குச் சொல்ல வேண்டிய உறுதிமொழி ஒரே ஒரு வாக்கியம்தான். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசமைப்பிடம் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், இந்தியச் சட்டங்களைப் பின்பற்றி நடப்பேன், குடிமகனுக்குரிய கடமைகளை நிறைவேற்றுவேன் என்பது அதன் சாரம். நிதானமாகப் படித்தாலும் அரை நிமிடம் ஆகாது. கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், அந்த அரை நிமிடத்துக்காக முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள்.

அதே கடையநல்லூரில் வேறொரு வரலாறும் இருக்கிறது. அங்குள்ள பல குடும்பங்களின் பாட்டனார்கள் கடல் கடந்து போய், ஒரு அந்நிய நாட்டுக்கு இதே போன்றதொரு உறுதிமொழியைச் சொல்லி, அந்த நாட்டின் குடிமக்களானவர்கள். அவர்கள் காத்திருந்தது எட்டு ஆண்டுகள். சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், இன்றைய இந்தியச் சட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது நமக்கு உறைக்கும்.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், தறித்தொழில் சோறு போடாத நிலையில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரம் அவர்களுடைய இருப்பிடம். துறைமுகம் பலருக்கும் பிழைப்பு. மற்ற ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்களாக மட்டும் போய்த் திரும்பியபோது, இவ்விரு ஊர்க்காரர்கள் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கே குடும்பமாக வாழ்ந்தார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அந்த அமைப்பு 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. கூலி வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்றால், அந்த மண்ணில் வேர்விட முடிவு செய்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆனாலும், அவர்களுக்கு அங்கே குடியுரிமை கிடையாது. சிங்கப்பூர் அப்போது பிரிட்டிஷ் காலனி. சீனாவில் பிறந்து அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கும் மேல். எங்கள் ஊர்க்காரர்களும் அதே நிலையில் இருந்தார்கள். ஓட்டுரிமை இல்லாத இத்தனை பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை உருவாக்க முடியாது என்பதை அன்றைய முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசு புரிந்துகொண்டது. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் பிறந்தவர்கள் நேரடியாகக் குடிமக்கள். வெளியில் பிறந்து, எட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். வேறு நாட்டின்மீதுள்ள பற்றைத் துறந்து, சிங்கப்பூருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போடவில்லை. 1957 நவம்பரில் தொடங்கிய பதிவு இயக்கம் சில மாதங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடிமக்களாக்கியது. 1959 மே மாதப் பொதுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர்கள். யாரும் அவர்களை 'நீ எந்தக் கப்பலில், எந்தத் தாளோடு வந்தாய்?' என்பதை வைத்து எடைபோடவில்லை. 'எத்தனை ஆண்டு இங்கே இருக்கிறாய்? இனி இங்கேதான் இருப்பாயா?' என்பதே கேள்வி. அண்டையிலிருந்த மலாயாவில் அதே காலத்தில் பதியாமல் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நம் பகுதிக்குத் தெரியும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல பத்தாண்டுகள் உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு தாள் இல்லாததால் ஒரு வாழ்நாளின் உழைப்பு ஒன்றுமில்லாமல் போகும் என்பதற்கு அவர்களே சாட்சி.

நான் தென்காசியில் வழக்கறிஞராக இருப்பதால், இந்த இரண்டு வகைக் கோப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. சிங்கப்பூர்க்காரரை மணந்து அங்கே குடியுரிமை பெற்ற பெண்கள் வருகிறார்கள். நம் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடும். எனவே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து 'சரண்டர்' சான்றிதழ் வாங்க வேண்டும், பிறகு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் உறுதிமொழி சொன்ன நாளைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதிய குடிமக்களைச் சமூக மன்றத்துக்கு அழைத்து, அந்தத் தொகுதியின் மக்கள் பிரதிநிதி கையால் சான்றிதழ் கொடுப்பார்களாம். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைத் துறப்பதில் வருத்தம் இருந்தாலும், அந்த மன்றத்தில் தன் பெயரைக் கூப்பிட்டபோது மனசு நிறைந்தது என்பார்கள்.

முகாமிலிருந்து வருகிறவர்களின் கோப்பு மெலிந்தது. குடும்பப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார். சிலரிடம் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்த தாள் இருக்கும். சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகள் முகாம் முகாமாகப் போய் அந்தப் பதிவுகளைச் செய்து கொடுத்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லாதவர்களாகியிருப்பார்கள்.

சாரல் தொடங்குவதற்கு முன், மே மாதத்தில், குற்றாலத்து விடுதிகளுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். சாரத்தில் நின்று அடிப்பவர்களில் முகாம் ஆட்களும் உண்டு. தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களுக்கு பெயின்ட் வேலைதான் பெரும் பிழைப்பு. அப்படி ஒருவர் தன் தாயாரோடு வந்தார். சட்டைக் கையில் காயாத வெள்ளை. அம்மா மன்னார்ப் பக்கம். பேச்சு இன்னும் மாறவில்லை. "தம்பி, இவன் இஞ்சதானே பிறந்தவன். இவனுக்கு என்னத்துக்கு அகதி கார்டு?" என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மண்டபம், 1986 பிப்ரவரி.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ, 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, உறுதிமொழியும் தேவையில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த முதல் அலையில், மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் அந்தத் தேதிக்கு முன் பிறந்த குழந்தைகள் எல்லாரும் இந்தியர்கள். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. முகாம் பதிவேட்டில் 'இலங்கை அகதி' என்று எழுதினார்கள்; அவர்களும் அப்படியே வளர்ந்து, அப்படியே கையெழுத்துப் போட்டு, அப்படியே பிள்ளை பெற்றார்கள்.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும், 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு உத்தரவிட்டார். பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும் பெற்ற அந்தப் பெண், 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பத்திரிகைகள் அதைச் செய்தியாக வெளியிட்டன. முப்பத்தெட்டு வயதில் ஒரு இந்தியக் குடிமகள் முதன்முறையாக வாக்களித்தது செய்தியாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தாலே மனம் கனக்கிறது.

பெயின்டர் தம்பியின் தங்கை 1988-இல் பிறந்தவர். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே முகாம். ஆனால் தங்கை இந்தியர் இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள்: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்தத் தம்பி முகாமிலேயே ஒரு பெண்ணை மணந்திருக்கிறார். அந்தப் பெண் படகில் வந்தவர். ஆகவே, பிறப்பாலேயே இந்தியரான அவருடைய பிள்ளைகளை அதிகாரிகள் இந்தியர் என்று ஏற்கமாட்டார்கள். உள்ளூர்ப் பெண்ணை மணந்த, படகில் வந்த முகாம் இளைஞர்களின் பிள்ளைகளுக்கும் இதே கதி. தென்காசி அரசு மருத்துவமனையில் பிறந்து, தென்காசி பள்ளியில் படித்து, தாய் இந்தியராகவும் இருக்கும் குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கேட்டால், இன்றைய சட்டம் 'இந்த நாடு இல்லை' என்கிறது.

சிக்கலின் ஆணிவேர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற அந்த வரையறை. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தின் காலம் முடிந்த பிறகும் தங்கியிருப்பவர் என்று சட்டம் சொல்கிறது. 2003-இல் நிறைவேற்றப்பட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இவர்களுக்கு 5-ஆவது பிரிவின் பதிவு வழியையும், 6-ஆவது பிரிவின் நீண்டகால வசிப்பு வழியையும் அடைத்துவிட்டது. தலைமன்னாரிலிருந்து இரவில் மீன்பிடிப் படகில் ஏறி, அரிச்சல்முனை மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவரிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? வீடு எரிந்துகொண்டிருந்தபோது அவர் எந்த அலுவலகத்தில் போய் விசாவுக்கு நிற்பார்? அரசே அவரை இறக்கிப் பதிவு செய்து, முகாமில் குடியமர்த்தி, மாதப் பணக்கொடை கொடுத்து, 'செக்கிங்' என்று பெயர் சரிபார்த்து, முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒளிந்து வாழ்பவர் ஒருவர்கூட இல்லை. இந்தியாவில் இவர்களைப் போல இத்தனை துல்லியமாகக் கணக்கில் இருக்கும் மக்கள் வேறு யாரும் இல்லை என்றே சொல்வேன்.

விண்ணப்ப முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். குடியுரிமை விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். அவர் விசாரித்து மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அங்கிருந்து மத்திய உள்துறை. காவல், உளவுத்துறை விசாரணை தனி. விண்ணப்பதாரர் தன் விண்ணப்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். இவர் நல்லவர் என்று இரண்டு இந்தியர்கள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். 6-ஆவது பிரிவில் போனால், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஒரு மொழியில் போதிய அறிவு இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து உள்துறை சம்மதித்தால், பழைய நாட்டின் குடியுரிமையைத் துறந்த சான்றைக் கொடுக்க வேண்டும், உறுதிமொழி சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடப்பதைப் போல விழா எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதிகாரி முன்னால் கையெழுத்து, அவ்வளவுதான்.

இந்த நிபந்தனைகளை முகாமில் இருப்பவர்களோடு வைத்துப் பாருங்கள். பதினோரு ஆண்டு வசிப்பு கேட்டால், முப்பது ஆண்டுக்கு அரசின் பதிவேடே சாட்சி. நன்னடத்தைக்கு, மாதம் தவறாமல் பெயர் சரிபார்த்த க்யூ பிரிவுக் காவலர்களைவிட யார் சான்று சொல்ல முடியும்? மொழி என்றால் தமிழ்! எட்டாவது அட்டவணையில் இருக்கிற தமிழ்! எல்லாத் தகுதியும் இருந்தும், வந்த வழி சரியில்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பமே ஏற்கப்படுவதில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரையில் மலையேறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால் குளத்துப்புழை வரும். அங்கும் ஆயிரநல்லூரிலும் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமானவை. கேரள அரசும் மத்திய அரசும் சேர்ந்து 1976-இல் அந்தக் கழகத்தை உருவாக்கின. அங்கே பால் வெட்டுவதற்காகக் குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரையும் அவர்களுடைய சந்ததியையும் இந்தியா ஏற்றுக்கொண்டது. அந்த மக்களைக் கேட்காமல் தலையெண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. அதன் கொடுமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும், வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். குளத்துப்புழையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக அலைந்திருக்கிறார்கள், கூலிக்காகப் போராடியிருக்கிறார்கள். ஆனால் எந்த அலுவலகமும் அவர்களை வெளிநாட்டவர் என்று சொல்ல முடியாது.

அதே மலையகத்தில், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். போரால் 1984-இல் தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் நின்றது. அவர்களில் பலர் பிறகு கலவரங்களுக்குத் தப்பிப் படகில் வந்தார்கள். அப்படி வந்ததால் அகதிகள் ஆனார்கள். கப்பலில் வந்த அண்ணன் இந்தியர், படகில் வந்த தம்பி சட்டவிரோதக் குடியேறி. 2019 ஜூனில், இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் 65 பேர் திருச்சி முகாம்களிலிருந்து தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மதுரைக் கிளை உத்தரவிட்டது. 5-ஆவது பிரிவில் 'இந்திய வம்சாவளி' என்பதற்கு விண்ணப்பதாரரோ அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்று வரையறை. தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து போனது தாத்தாவும் பாட்டியும்தான் என்றால், பேரனுக்கு அந்தக் கதவும் திறப்பதில்லை.

இந்த எல்லைக் கோடுகளைப் பற்றி எங்கள் பகுதிக்கு ஓர் அனுபவம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்று காலை எழுந்தபோது அந்த ஊர் மக்கள் வேறொரு மாநிலத்தவர் ஆகியிருந்தார்கள். யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. ஒரு அரசு மனசு வைத்தால் ஒரு ஊரையே ஒரே இரவில் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளலாம்.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பெயரை நீக்கியது. பதினோரு ஆண்டு வசிப்பை ஐந்தாகக் குறைத்தது. 2024 மார்ச் 11 அன்று விதிகளும் வந்துவிட்டன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மதத்தின் பெயரால் பட்டியல் போடுவதை நான் ஏற்கவில்லை. ஆகவே, அதில் ஒரு நாட்டையும் ஒரு மதத்தையும் கூடுதலாகச் சேருங்கள் என்று கேட்கவும் மாட்டேன். முகாம்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே சுவரின் இரு பக்கத்திலும் குடியிருக்கிறார்கள்.

ஆனால், அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிப்பின் மூலம், பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த அந்த மதத்தவரைப் பாஸ்போர்ட் சட்டத்தின், வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து விலக்கியது. 2019-இல் அந்த விலக்கையே அடித்தளமாக வைத்து, 'இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள்' என்று சட்டத்தில் எழுதியது. முதலில் விலக்கு, பிறகு குடியுரிமை. இலங்கைத் தமிழர்களுக்கு முதல் படி இப்போது வந்துவிட்டது. 2025-இன் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணம் இல்லாமல் நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. சிறைக் கதவை மூடிய அந்த ஆணை, குடியுரிமைக் கதவைத் திறக்கவில்லை. அதைத் திறக்க, குடியுரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் ஒரு வரி போதும்: 2025 ஆணையால் விலக்கு பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள். மதம், இனம் எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் கையிலேயே பட்டியல் இருக்கிறது, தேதியும் இருக்கிறது.

எதிர்வாதங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. உலகெங்குமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா சத்திரமா என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கேட்டது. அது சட்டவிரோத நடவடிக்கைகள் (தடுப்பு) சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவர் தொடர்பான வழக்கு. ஒருவர்மீது வழக்கு இருந்தால் அவருடைய விண்ணப்பத்தை நிராகரிக்க எல்லா அதிகாரமும் அரசுக்கு இருக்கிறது. மற்றவர்களை அதே தராசில் நிறுத்தக் கூடாது. அடுத்து, குடியுரிமை கொடுத்துவிட்டால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கையும் நில உரிமையும் குறைந்துவிடும் என்ற கவலை. இது நியாயமான கவலை. மன்னாரிலும் வவுனியாவிலும் காணி வைத்திருக்கும் பெரியவர்கள் திரும்பிப் போகவே விரும்புகிறார்கள். அவர்கள் போவதற்குக் கப்பலும் உதவியும் வேண்டும், காலம் கடந்து தங்கியதற்கான அபராதத் தொல்லை இருக்கக் கூடாது. குடியுரிமையை யார் தலையிலும் கட்ட வேண்டாம். கேட்பவருக்குக் கொடுங்கள் என்பதே கோரிக்கை. 1964-இல் செய்ததைப் போல மக்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் பாவத்தை இன்னொரு முறை செய்ய வேண்டாம்.

இன்னொரு காட்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களிடமும் விசா கிடையாது. கனடா அவர்களுக்குத் தங்க அனுமதி கொடுத்தது. அந்தக் காலத்தில் கனடா போன ஈழத் தமிழர்கள் சில ஆண்டுகளில் கையுயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடிமக்களானார்கள். 1983-இல் சிறுவனாகப் போன கெரி ஆனந்தசங்கரி இன்று அந்த நாட்டின் அமைச்சர். பனிக் கடலைக் கடந்தவருக்குக் கிடைத்தது, பாக் நீரிணையைக் கடந்தவருக்கு, தன் மொழி பேசும் மண்ணில், கிடைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு செய்ததை மறைக்கக் கூடாது. 2021-இல் முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது, குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. ஆனால், புது வீட்டில் குடியிருப்பவர் அந்த வீட்டின் பட்டாவைத் தன் பெயரில் வைத்திருக்க முடியாது. இலங்கைக் குடிமகன் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பொறியியல் படித்த பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வளைகுடாவுக்குப் போக பாஸ்போர்ட் இல்லை. அதனால்தான் படித்த பிள்ளையும் அப்பாவோடு சாரத்தில் ஏறுகிறது.

சட்டத் திருத்தம் டெல்லியின் கையில். ஆனால் தென்காசியிலேயே, திருத்தம் எதற்கும் காத்திராமல், செய்யக் கூடியவை இருக்கின்றன. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த தென்காசிக்குத் தனி ஆட்சியர் இருக்கிறார். 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள் முகாமிலும், முகாமுக்கு வெளியே வாழும் 'வெளிப்பதிவு' அகதிகளிலும் எத்தனை பேர் என்று அவர் கணக்கெடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு மண்டபம் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் செய்யலாம். அகதிப் பதிவேட்டிலிருந்து அவர்கள் பெயரை நீக்கி, வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கலாம். இவர்கள் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இந்தியர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் தாராளமாகவே இருக்கிறது. 5-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. இந்தியாவில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் 'நுழைந்து' வரவில்லை. ஆகவே, அது சட்டவிரோதக் குடியேறி ஆக முடியாது என்பது என் வாதம். பதினெட்டு வயதாகும் முன் இந்த உட்பிரிவைப் பயன்படுத்தாவிட்டால் அந்த வழியும் மூடிவிடும். போகநல்லூர் முகாமில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களை மாநில அரசே தொகுத்து, தன் பரிந்துரையோடு இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் உள்துறைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் வாங்காமல் அந்த விண்ணப்பங்களை எழுதித் தர என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் தென்காசியில் தயாராக இருக்கிறோம்.

- கட்டுரையாளர், தென்காசியில் குடியுரிமை வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்.